எழுபத்தொன்பதரைப் பூக்கள்

786

வாலிநோக்கம்
3.7.1994

அருமை மகன் சீனி முகம்மதுவுக்கு உன் உம்மா ரம்ஜான் பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் வாப்பாவும் உன் தங்கச்சி மலிகாவும் அல்லாஹ்வின் கிருபையால் உண்டு உடுத்தி ஒரு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், அதுதான் முறை. நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நல்லபடியாக இருக்கிறேன், டூட்டி இருக்கிறது, ஓவர்டைம் கிடைக்கிறது என்று எழுதுவாய். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வந்த மூன்று கடிதத்திலும் அதையேதான் எழுதியிருக்கிறாய், எடுத்து வைத்துப் பார்த்தேன், வார்த்தைகூட மாறவில்லை. உன் கம்பெனியைப் பூட்டி நாலாவது மாதம் நடக்கிறது, உனக்கு அங்கே வேலையே இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குப் போக விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தும் நீ கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாய் என்பதும் தெரிந்துவிட்டது. இதற்காக உடனே ஹமீது சுல்தான் மேல் பாயாதே. அவன் கடைசியில்தான் வாயைத் திறந்தான். முதலில் காட்டிக்கொடுத்தது நீ அனுப்பிய பூக்கள்தான்.

இதை நானே எழுதுகிறேன். மலிகாவை எழுதச் சொன்னால் பாதியில் அழுவாள், மீதியில் சிரிப்பாள், எனக்கு அது ஆகாது. கோழி கிண்டியது போல இருக்கும், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள். கச்சான் காற்று ஓயாமல் அடிப்பதால் வாப்பா பத்து நாளாகக் கடலுக்குப் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டு நான் எழுதுவதை ஓரக்கண்ணால் பார்க்கிறார். என்ன எழுதுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேட்காத குணம்தான் உனக்கும் வந்திருக்கிறது, நீ சொல்லாத குணமாக வைத்திருக்கிறாய்.

முதலில் பையைப் பற்றிச் சொல்கிறேன், அதைச் சொன்னால்தான் என் ஆத்திரம் தீரும். ஹமீது சுல்தான் துபாயிலிருந்து லீவில் வந்து இறங்கிய அன்று சாயங்காலம் உன் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். சபுராளி வீட்டுக்கு வெளிநாட்டுப் பை வந்தால் தெருவே வந்து நிற்கும் என்று உனக்குத் தெரியாதா. பாய் விரித்து, எல்லோரும் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லித் திறந்தேன். சோப்பு இல்லை. தைலம் இல்லை. துணி இல்லை, பேரீச்சம்பழம் இல்லை, ஒரு பேனாகூட இல்லை. உள்ளே முழுக்கப் பூ. நூலில் பின்னிய பூ, ஒவ்வொரு பூவைச் சுற்றியும் ஒரு சதுரம், வெள்ளையில் ரோஸ், ரோஸில் வெள்ளை, இடையில் ஒன்று மட்டும் மஞ்சள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் எழுபத்தொன்பது. அதற்கும் கீழே பாதியில் நின்றுபோன ஒன்று, ஒரு ஊக்குக் குத்தி, நூல் நீளமாகத் தொங்கிக்கொண்டு. வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் பையின் அடியைத் தடவுகிறேன். ஒரு சீட்டு, ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்கக் கூடாதா நீ.

என்ன செய்வேன், சொல். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இதுதான் இப்போது துபாயில் ஃபேஷனாம், பெரிய கடையில் வாங்கியிருக்கிறான், மேசைமேல் போடுகிற விரிப்பு என்று வாய் கூசாமல் சொன்னேன். சொன்ன பிறகு கொடுக்காமல் இருக்க முடியுமா. சோப்பு வந்தால் எப்படிப் பங்கு வைப்போமோ அப்படியே வீட்டுக்கு ஒன்று, நெருங்கின வீட்டுக்கு இரண்டு என்று பங்கு வைத்துவிட்டேன். முப்பத்துநாலு போயிற்று. சாயல்குடியில் மலிகாவின் மாமியாராக வரப்போகிற ஜுனைதாவுக்கு விசேஷமாக மூன்று எடுத்துத் தாளில் சுற்றி, அந்தப் பக்கம் போகிற ஆளிடம் கொடுத்து, துபாய்ச் சாமான் என்று சொல்லியும் அனுப்பினேன். உன் வாப்பா ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, தொப்பி சின்னது என்று திருப்பி வைத்தார். அந்தப் பாதிப் பூ சேதமான சரக்கு என்று நினைத்து அதன் ஊக்கை எடுத்து என் துப்பட்டிக்குக் குத்திக்கொண்டேன். தொங்கிய நூலை முருங்கைக்கீரை கட்டலாமே என்று இழுத்தேன். அது என்னடா அப்படி ஓடுகிறது. ஒரு இழுப்பில் மூன்று இதழ் காணாமல் போய்விட்டது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

எட்டு நாள் கழித்து ஹமீது சுல்தான் ஒரு கவரோடு வந்து நிற்கிறான். மாமியார் ஊருக்கு விருந்துக்குப் போனவனுக்கு, தன் பெட்டியில் உன் கடிதம் இருப்பது அப்போதுதான் நினைவு வந்ததாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தேநீர் கொடுத்தேன், வேண்டாம் என்றான். என் முகத்தைப் பார்க்காமல் வாசல்படியைப் பார்த்துக்கொண்டே கவரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கடிதம் மறந்த குற்றத்துக்குத்தான் இப்படி நெளிகிறான் என்று நானும் விட்டுவிட்டேன்.

கவரைப் பிரித்தால் என் தலையில் கல் விழுந்தது. இது கடையில் வாங்கியது இல்லை உம்மா, என் கையால் பின்னியது, மலிகாவின் கல்யாணக் கட்டிலுக்கு விரிப்பு, அகலத்துக்கு எட்டு நீளத்துக்குப் பத்து, எண்பதையும் சேர்த்துத் தைக்க வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். ஊருக்குத் திரும்பிப் போன பிலிப்பைன்காரன் ஒருவன் ஒரு பெட்டி நூல்கண்டும் குரோஷா ஊசியும் உன்னிடம் விட்டுப்போனானாம், அவன்தான் சொல்லிக்கொடுத்தானாம். ஹமீது சுல்தான் புறப்படும் நேரம் வந்துவிட்டதால் கடைசி ஒன்றை முடிக்க முடியவில்லையாம், மலிகா முடித்துக்கொள்ளட்டுமாம். உன் தங்கச்சிக்கு ஜாக்கெட் கொக்கி தைக்கவே வராது என்று உனக்குத் தெரியாதா. பத்து வயதில் வாப்பா வலை பின்னக் கூப்பிட்டால் பின்பக்கமாக இறங்கி உப்பளத்துப் பக்கம் ஓடுகிற பயல் நீ, விமானம் ஏறிப் போய்ப் பூப் பின்ன உட்கார்ந்திருக்கிறாய். யாரிடம் போய் இதைச் சொல்வேன் நான். ஒரு பூ முடிக்க ஒரு முழுப் பகல் ஆகிறது உம்மா என்றும் அதிலேயே எழுதியிருந்தாய். படித்தேன், என் புத்தியில் உறைக்கவில்லை. டூட்டிக்குப் போகிறவனுக்கு முழுப் பகல் எங்கேயிருந்து கிடைக்கும் என்று அந்த நிமிஷம் தோன்றியிருந்தால் இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்திருக்க மாட்டேன்.

அலைந்த கதையைக் கேள். கொடுத்த பொருளை வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்பது எவ்வளவு கேவலம் என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். ஒரு வீட்டில் உப்புச் சாடிக்கு மூடியாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ரேடியோவுக்கு. ஒரு புண்ணியவதி அதை மடித்துச் சோற்றுப்பானை இறக்கியிருக்கிறாள், ஒரு பக்கம் கருகிப்போய்க் கையில் கொடுக்கிறாள், துபாய் சரக்கு சூடு தாங்கலையே மாமி என்று என்னையே குறையும் சொல்கிறாள். தெருக்கோடி வீட்டில் பிறந்து இருபது நாளான பிள்ளையின் தலையில் கட்டியிருந்தார்கள். பிள்ளை தூங்குகிறது, தலை உச்சியில் உன் ரோஸ் பூ. அதை மட்டும் கேட்க வாய் வரவில்லை, துஆ செய்துவிட்டு வந்துவிட்டேன். சும்மா கொடுத்தவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்கள், என்ன ரம்ஜான், கல்யாணச் செலவு கையைக் கடிக்குதா, குடுத்ததையே திருப்பி வாங்குற என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தேன். ஹமீது சுல்தான் வீட்டில் கொடுத்த இரண்டும் சாயல்குடிக்குப் போன மூன்றும்தான் பாக்கி.

வந்த வரைக்கும் துவைத்துக் காயவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். அடுக்கினால் அடுக்கு நிற்கவில்லை. கீழே இருப்பது ஒரு சாண், மேலே போகப் போகக் குறைந்து கடைசியில் உள்ளவை இரண்டு விரற்கடை சின்னதாக இருக்கின்றன. இதை எப்படிச் சேர்த்துத் தைப்பது, அளவுகூடப் பார்க்காமல் பின்னியிருக்கிறானே, இவனை எந்த மேஸ்திரி வேலைக்கு வைத்திருக்கிறான் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். உன் வாப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். பெரியதில் ஒன்று, சின்னதில் ஒன்று எடுத்து விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார், அளவு தெரியாம இல்ல. இங்கன பாரு, மொதல்ல பின்னுனது கை லேசா ஓடியிருக்கு. போகப் போக நூல இறுக்கிப் புடிச்சிருக்கான். வலை அறுந்து வெறுமனே கரைக்கு வந்த அன்னைக்கு நான் பின்னுனா எனக்கும் இப்படித்தான் வலைக்கண்ணு சின்னதாப் போயிரும். அவனுக்கு அங்கன என்னமோ சரியில்ல. இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்ப வலைக்குப் போய்விட்டார், ஆனால் அன்று முழுக்க ஊசியைக் கையில் வைத்திருந்தாரே தவிர ஒரு கண்கூடப் பின்னவில்லை.

எனக்கு அப்போதுதான் அந்த முழுப் பகல் நினைவு வந்தது. எடுத்தேன் துப்பட்டியை, நேராக ஹமீது சுல்தான் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி நூர் நிஷா இரண்டு பூவையும் எடுத்துவந்து கொடுத்தாள். நான் வேண்டுமென்றே, என் மகனுக்குத்தான் ஓவர்டைம் முடிந்து வந்தும் பூப் பின்ன எவ்வளவு நேரம் கிடைக்கிறது பார் என்றேன். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. சீனி காக்காவுக்கு இப்ப ஓவர்டைம் எங்க மாமி என்று ஆரம்பித்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். உள்ளே இருந்து ஹமீது சுல்தான் வந்தான். சத்தியம் வாங்கிட்டான் மாமி, நான் என்ன செய்ய என்று தலையைக் குனிந்துகொண்டு எல்லாம் சொன்னான். இவன் வேறு கம்பெனி என்பதால் தப்பித்தானாம். நீங்கள் பன்னிரண்டு பேர் ஒரு அறையில் இருந்ததும், ஏழு பேர் பெயர் கொடுத்து ஊர் போனதும், ஒருவேளைதான் சமைப்பதும், நீ ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் உட்கார்ந்து விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த ஊசியோடேயே இருப்பதும், யாராவது கூப்பிட்டால்கூட நிமிராததும். ஊருக்குப் போயிருலே என்று இவன் சொன்னதற்கு, தங்கச்சி கல்யாணத்துல வெறுங்கையோட போய் எப்படி நிக்கிறது, தெரிஞ்சா சாயல்குடிக்காரவுக கல்யாணத்தையே நிறுத்திருவாக என்று நீ சொன்னாயாமே.

அடேய், உனக்கு அறிவு இருக்கிறதா. நீ இரண்டு வேளை பட்டினி கிடந்து அனுப்பிய பூவைத்தான் நான் உப்புச் சாடிக்கு மூடி போடக் கொடுத்தேன் என்று தெரிந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து உன்னைத் திட்டினேன், ஹமீது சுல்தானைத் திட்டினேன், அந்தப் பிலிப்பைன்காரனையும் விடவில்லை. பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். துபாயில் பெரிய கடையில் வாங்கியது என்று நானும்தானே சொன்னேன். நீ எனக்குச் சொன்ன பொய்யும் நான் தெருவுக்குச் சொன்ன பொய்யும் அந்தப் பூவின் மேல்தான். அன்று சோறு இறங்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

சாயல்குடியில் இருக்கும் மூன்றும் போகட்டும், விரிப்பு கொஞ்சம் குறைந்தால் என்ன என்று வாப்பா சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உன் சமாச்சாரம் இன்றில்லாவிட்டால் நாளைக்கு அவர்கள் காதுக்குப் போகும். கல்யாணத்துக்குப் பிறகு போனால், மறைத்துக் கட்டிவிட்டார்கள் என்ற பேச்சை மலிகா ஆயுசுக்கும் கேட்க வேண்டும். அவளிடமே கேட்டேன். சொல்லிருங்க உம்மா, நின்னா நிக்கட்டும், காக்கா அங்கன கெடந்து சாகுறதுக்கு எனக்குக் கட்டில் விரிப்பு வேணாம் என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் சொன்னாள். மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

ஜுனைதா கூடத்தில் மேசைமேல் மூன்றையும் வரிசையாக விரித்து அதன்மேல் கடிகாரத்தை வைத்திருந்தாள். வந்ததும் வராததுமாக, துபாய்ச் சாமான்னா துபாய்ச் சாமான்தான் என்று அதைக் காட்டிப் பேசுகிறாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னேன். கடையில் வாங்கியது இல்லை, என் மகன் பின்னியது, அவனுக்கு அங்கே நாலு மாதமாக வேலை இல்லை, எங்களுக்கே இப்போதுதான் தெரியும், உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். அவள் கடிகாரத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள், மூன்று பூவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். சட்டி உருள்கிற சத்தம் கேட்கிறது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணம் போயிற்று, எழுந்து பஸ்ஸைப் பார்ப்போம் என்று துப்பட்டியைச் சரிசெய்தேன்.

பூவைத் துடைத்து மடித்து ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் தேநீரும் வைத்துக் கொண்டுவந்தாள். இதைச் சொல்லவா ராத்தா வெயில்ல பஸ் ஏறி வந்திய என்றாள். எம் மவனும் முந்தின வருஷம் சவூதியிலேர்ந்து கட்டுன கைலியோட வந்து கதவைத் தட்டுனவன்தான், லீவுல வந்திருக்கான்னு ஒரு மாசம் தெருவுக்கெல்லாம் சொன்னேன், பொண்ணு கேட்டு வந்தப்ப உங்ககிட்டயும் சொல்லல, நீங்க சொல்லிப்புட்டிய என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு கறாராக ஒன்று சொன்னாள். எங்களுக்கு விரிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஆனா பொண்ணோட கூடப்பிறந்த காக்கா சபையில வந்து உக்காரணும். அவரு வராம நிக்காஹ் ஓத நாங்க வர மாட்டோம். இதை அப்படியே எழுதுங்க என்றாள். அப்படியே எழுதிவிட்டேன். செப்டம்பர் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. உன்னால் கல்யாணம் நின்றுபோகும் என்று பயந்தாயே, இப்போது நீ வராவிட்டால்தான் நிற்கும். எப்படி இருக்கிறது கதை.

ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போய்ப் பெயரைக் கொடு. இந்த மாதம் முப்பதுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஹமீது சுல்தான் சொன்னான். யோசிக்கிறேன், வேறு கம்பெனி பார்க்கிறேன் என்று எழுதினாயானால் அந்தக் காகிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன். இங்கே வந்து என்ன வேலை என்று கேட்காதே, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், காற்று நின்றால் வாப்பாவுக்கு வள்ளத்தில் ஒரு கை வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பின்னிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இரண்டு வேளையாவது சாப்பிடு. அறையில் மிச்சமிருக்கும் பிள்ளைகளையும் பெயர் கொடுக்கச் சொல், அவர்கள் உம்மாமாரும் என்னைப் போலத்தான் எதையோ நம்பிக்கொண்டு இருப்பார்கள்.

எழுபத்தேழு நல்ல பூ பத்திரமாக டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒன்று கருகல், ஒன்று பிள்ளையின் தலையில். பெரியதையும் சின்னதையும் எப்படிச் சேர்ப்பது என்று மலிகா தரையில் பரப்பிப் பரப்பிப் பார்க்கிறாள், வழி தெரியவில்லை. வாப்பா அந்தப் பாதிப் பூவை மட்டும் எடுத்து ஒருநாள் வைத்துப் பார்த்தார். எனக்கு இந்த முடிச்சு தெரியாது, அவன் வந்து முடிக்கட்டும் என்று கீழே வைத்தார். மேற்கொண்டு ஓடிவிடக் கூடாதே என்று ஊக்கைத் துப்பட்டியிலிருந்து எடுத்து, நூல் நின்ற இடத்திலேயே மறுபடி குத்திவிட்டேன்.

ஐந்து வேளையும் உனக்காகக் கையேந்துகிறேன். எந்த ஆபத்தும் அணுகாமல் அல்லாஹ் உன்னை என் கண்ணில் கொண்டுவந்து காட்டட்டும். வாப்பா ஸலாம் சொல்லச் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. மலிகாவும் ஸலாம் சொன்னாள்.

பெயரைக் கொடு. மறந்துவிடாதே.

உன் மேல் தீராத கோபத்தோடும் துஆவோடும்,
உன் உம்மா
ரம்ஜான் பீவி

ஒன்று விட்டுப்போயிற்று. பையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், அந்த ஊசியை மட்டும் கொண்டுவா. துப்பட்டிக்கு நான் வேறு ஊக்கு வாங்கிக்கொண்டேன்.